செம்பூரணி ஏரியின் மஞ்சள் பக்கம்

நான் பார்த்துப் பார்த்துச் செய்த அரசுப் பக்கம் ஒன்றைப் போலி என்று நானூறு வீடுகளுக்கு அறிவித்தவள் என் சொந்த அக்கா.

"இதைத் தொடாதீங்க. ஏமாத்து வேலை. பாத்தாலே தெரியுது" என்று தெருக் குழுவில் குரல் பதிவு போட்டிருந்தாள். கூடவே என் பக்கத்தின் படம். கீழே இருபது பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அதைச் செய்தது நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கங்களை மனிதர்கள் எழுதிய காலம் மலையேறிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் நிரல் எழுதும் இயந்திர உதவியாளர்கள்தான் கட்டுகின்றன. எங்களிடம் இருப்பதற்குக் கொத்தனார் என்று பெயர். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் போக்கில் விட்டால் பல் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒரே பக்கத்தைத்தான் கட்டும். மேலே ஊதாவில் தொடங்கி நீலத்தில் கரையும் வண்ணம், நடுவில் முனை மழுங்கிய மூன்று பெட்டிகள், ஒரு ராக்கெட் படம். ஒருமுறை அமரர் ஊர்தி சேவைக்கும் ராக்கெட் வைத்தது.

அதற்கு ரசனை சொல்லிக் கொடுப்பவள் நான். 'ஊதாவைத் தொடாதே. எழுத்துருவை யோசித்துத் தேர்ந்தெடு. இந்த இடத்துக்கு மட்டுமே உரிய ஒன்றைக் கண்டுபிடித்து அதைப் பெரிதாகக் காட்டு, மற்றதை அடக்கி வாசி. காரணமில்லாத அலங்காரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.' இப்படி நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கொத்தனார் ஒவ்வொரு பக்கத்தையும் கட்டுவதற்கு முன் அதைப் படிக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

ஏரி எச்சரிக்கை மையத்தின் இயக்குநர் திருமலைச்சாமி என்னைக் கூப்பிட்டபோது, அங்கே இருந்த பழைய பக்கத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கண் கூசும் மஞ்சள் பின்னணி. குறுக்கே ஓடும் சிவப்பு எழுத்து. அமைச்சரின் படம் பக்கவாட்டில் இழுத்து விடப்பட்டு, மனிதர் பூசணிக்காய் போல இருந்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய ஓர் அறிவிப்பின் அருகில் 'புதியது' என்று ஒரு நட்சத்திரம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் நடுவே, கோணலான ஓர் அட்டவணையில், செம்பூரணி ஏரியின் நீர்மட்டம்.

கொத்தனாரும் நானும் பதினோரு நாள் உட்கார்ந்தோம். புதிய பக்கத்தைத் திறந்தால் ஏரியின் குறுக்குவெட்டு திரை முழுக்க விரியும். தண்ணீர் ஏற ஏற நொடிக்கு நொடி கோடு உயரும். பார்ப்பவரின் தெருப் பெயரைச் சொல்லி, அங்கே தண்ணீர் வர எத்தனை நிமிடம் என்று காட்டும். இப்படி ஒரு பக்கம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தேசிய அளவில் பரிசு கொடுத்தார்கள். திருமலைச்சாமி அதைத் தன் மேசையில் குடும்பப் படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

மழை தொடங்கிய மூன்றாவது வாரம் ஏரியைக் கொஞ்சமாகத் திறந்தார்கள். கீழே இருக்கும் கருவேலம்பட்டு நகர் பள்ளம். வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று என் பக்கம் பெயர் சொல்லிக் கெஞ்சியது. நானூறு வீட்டில் பதினொரு வீடு போனது. நல்லவேளை, முழங்கால் தண்ணீரோடு விட்டது. மறுநாள் காலையில்தான் அக்காவின் குரல் பதிவைக் கேட்டேன். உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"அடிப்பாவி, அது நீ செஞ்சதா?" என்றாள் கோதை அக்கா. "நல்லாத்தான்டி இருந்துச்சு. அதான் சந்தேகம் வந்துச்சு."

"என்னக்கா பேசறே?"

"பின்னே? கவர்மென்ட் இவ்ளோ அழகாவா செய்யும்? என் பேரு, தெரு பேரு, எங்க வீட்டு நம்பரு, எல்லாம் அதுக்கு எதுக்குத் தெரியணும்? போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. போன வருட மழையில் யாரோ ஒரு கும்பல் அற்புதமான வெள்ள எச்சரிக்கைப் பக்கம் ஒன்றைக் கட்டி அனுப்பியிருந்தது. ஆட்டோவில் மைக் வேறு கட்டிக்கொண்டு வந்தார்கள். தெருவே பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை, லாரிதான் வந்தது. மிக்ஸி, கிரைண்டர், ஒரு வீட்டில் ஊறப்போட்ட அரிசியோடு குண்டான், எல்லாம் போய்விட்டது. அதிலிருந்து கருவேலம்பட்டு நகர் மைக்கை நம்புவதில்லை, குறுஞ்செய்தியை நம்புவதில்லை. அந்த மஞ்சள் பக்கத்தை மட்டும் நம்பியது. நான் அதை எடுத்துவிட்டேன்.

"பழசையே திரும்ப வெச்சிடலாமே?" என்றார் திருமலைச்சாமி, பரிசைப் பார்த்துக்கொண்டே.

"அந்த நிரலைக் குப்பைன்னு சொல்லி நானே அழிச்சிட்டேன், சார்."

"அப்ப அதே மாதிரி ஒண்ணு கட்டச் சொல்லுங்க. நல்லதைச் சொல்லிக் குடுத்தவங்களுக்குக் கெட்டதைச் சொல்லிக் குடுக்கத் தெரியாதா?"

தெரியவில்லை என்பதுதான் உண்மை.

"அசிங்கமா ஒரு பக்கம் கட்டு" என்றேன் கொத்தனாரிடம். கட்டியது. கறுப்பு வெள்ளையில் முரட்டுக் கோடுகளோடு, பத்திரிகை அட்டையில் போடலாம் போல ஒரு பக்கம்.

"இது ஸ்டைலா இருக்கு. வேண்டாம்."

"மன்னிக்கணும், மேடம். அட்டவணையை ரெண்டே கால் டிகிரி சாய்க்கட்டுமா? அந்தச் சாய்வுக்குச் சரியா எதிர்ப்பக்கம் படத்தை வெச்சா கண்ணுக்கு இதமா இருக்கும்."

"கண்ணுக்கு இதமா இருக்கக் கூடாது!"

"ஏன் சாயணும்னு காரணம் சொன்னீங்கன்னா சுலபம். காரணமில்லாம எதுவும் செய்யாதேன்னு நீங்கதான் குறிப்புல எழுதியிருக்கீங்க."

தெருச் சங்கத்து அறையில் அக்கா உட்பட ஆறு பேரை உட்கார வைத்து, கொத்தனாரின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதல் ஐந்தையும் பார்த்த மாத்திரத்தில் தள்ளினார்கள். "வேணும்னே அழுக்காக்கின புதுச் சட்டை மாதிரி இருக்கு" என்றார் தையற்கடை ஃபெலிக்ஸ். எனக்கு அவமானமாக இருந்தது. என் தொழிலில் இவ்வளவு கூர்மையான விமர்சகர்களை நான் பார்த்ததில்லை.

வேறு வழியில்லாமல் பெனடிக்டைத் தேடிப் போனேன். பழைய பக்கத்தைப் பதினோரு வருடம் பராமரித்த உதவிப் பொறியாளர். திருமலைச்சாமியின் அறை இருந்த அதே மாடியில்தான் இருந்தார். என் பக்கம் வந்தபிறகு அவரைத் தபால் பிரிவில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் பக்கத்தைப் பார்த்து நான் சிரித்தபோது அவரும் அந்த அறையில் இருந்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏன் சார் மஞ்சள்?"

"ஏரி மதகு ஷட்டர் ரூம்ல இருந்தது ஓட்டை மானிட்டர், மேடம். வெள்ளை போட்டா மங்கலாத் தெரியும். ஷட்டர் மேன் வேலப்பனுக்குக் கண்ணு வேற சரியில்ல."

"அமைச்சர் படம்?"

"முதல்ல இருந்தவரு நல்ல அகலம். அவருக்குத் தக்கன பெட்டி போட்டேன். அப்புறம் மூணு பேரு மாறிட்டாங்க. பெட்டியை மாத்த உத்தரவு வரல."

"அந்த நட்சத்திரம்?"

"அது நின்னுச்சுன்னா பக்கம் செத்துப்போச்சான்னு போன் வருது. ஒரு தடவை எடுத்துப் பாத்தேன். அறுபது போன்." நிறுத்தி, டீயை ஒரு வாய் குடித்தார். "ஆனா அவங்க நம்பறது இதையெல்லாம் வெச்சு இல்ல, மேடம். லேட்டா வரும் பாருங்க, அதை வெச்சு."

"லேட்டா?"

"கருவி ஒரு நம்பர் காட்டும். பாசி புடிச்சா தப்பாவும் காட்டும். அதனால நான் வேலப்பனுக்குப் போன் போட்டு, நேர்ல போய் அளவுக்கல்லைப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லுவேன். அவரு போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம். அப்புறம்தான் பக்கத்துல ஏத்துவேன், எத்தனை மணி அளவுன்னு கீழ போட்டு. கருவேலம்பட்டுல எல்லாருக்கும் இது தெரியும். எப்பத் திறந்தாலும் இருபத்தஞ்சு நிமிஷமாவது பழைய நேரமா இருந்தா அது நம்ம பக்கம். சுடச்சுட வந்தா திருட்டுப் பசங்க."

என் பக்கம் நொடிக்கு நொடி மாறியது. அதுதான் அதன் பெருமை.

ஆறாவது பக்கம் ஆறு பேருக்கும் பிடித்தது. மஞ்சள், பூசணிக்காய் அமைச்சர், நட்சத்திரம், இருபத்தைந்து நிமிடத் தாமதம் எல்லாம் இருந்தது. "இதாண்டி நம்ம பக்கம்!" என்று அக்கா என் முதுகில் அடித்தாள். பரிசு வாங்கிய அன்றுகூட யாரும் அப்படி அடிக்கவில்லை.

ஆனால் கணக்கு உதைத்தது. ஷட்டரைத் திறந்தால் தொண்ணூறு நிமிடத்தில் கருவேலம்பட்டுக்குத் தண்ணீர் வந்துவிடும். தெருவைக் காலி செய்ய எழுபது நிமிடம் வேண்டும். கடைசி வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் சுலைமான் பாயைக் கட்டிலோடு சந்து வழியாகத் தூக்கி வருவதற்கே இருபது நிமிடம். தொண்ணூறில் இருபத்தைந்து போனால் அறுபத்தைந்துதான் மிச்சம்.

"சாதாரண நாள்ல லேட்டா வரட்டும். அபாய நாள்ல மட்டும் உடனே வர்ற மாதிரி வெச்சிடறேன்" என்றேன்.

"அன்னிக்கு மட்டும் சீக்கிரம் வந்தா, அன்னிக்கு மட்டும் நம்ப மாட்டாங்க, மேடம்" என்றார் பெனடிக்ட்.

திருமலைச்சாமி, முடிவை நானே எடுக்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். நான் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடனே சொன்னால் யாரும் கிளம்பமாட்டார்கள், தாமதித்தால் எல்லோரும் கிளம்புவார்கள், ஒருவர் மட்டும் சந்தில் மாட்டிக்கொள்வார். இதைத் தேர்ந்தெடுக்கவா நான் எழுத்துருவும் வண்ணமும் படித்தேன்?

பெனடிக்ட் இரண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். அந்த அலுவலகத்தில் இணையப் பக்கத்தை அளவு ஏற்றும்போதெல்லாம் தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, கோப்பில் கட்டி வைப்பார்களாம். தணிக்கைக்காக. பதினோரு வருடத்துத் தாள். இரண்டாவது மூட்டை, வேலப்பன் எழுதிய ஷட்டர் அறை நோட்டுகள்.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அதுக்குப் படிக்கக் குடுங்க, மேடம். ஒரு தாள் விடாம. என்னை மாதிரியே செய்யச் சொல்லுங்க."

"தப்பு இருந்தாலுமா சார்?"

"தப்பு இருந்தா முக்கியமா" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

எல்லாத் தாளையும் கொத்தனாருக்குக் கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கக் குறிப்பை ஒதுக்கிவிட்டு, புதிதாக மூன்றே வரி எழுதினேன். 'பெனடிக்ட் எப்படித் தாமதித்தாரோ அப்படியே தாமதி. எதையும் திருத்தாதே. அவருடைய ஒரு குறைகூட விடுபடக் கூடாது.' சுலைமான் பாயை நான் பார்த்ததுகூட இல்லை.

நவம்பரில் ஒரு புதன்கிழமை அது வந்தது. பிற்பகல் மூன்று ஐந்துக்குக் கருவி அபாய அளவைத் தாண்டியது, ஷட்டரைத் திறக்க உத்தரவு போனது. மையத்தின் உள் திரையில் எண்கள் நொடிக்கு நொடி ஏறின. பொதுமக்கள் பார்க்கும் மஞ்சள் பக்கத்தைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று முப்பது வரை அது ஊமை என்பது தெரியும்.

"சார், இருபத்தஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணுமா?"

"உக்காருங்க, மேடம்" என்றார் பெனடிக்ட். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்கு நெஞ்சில் இருப்பது என்ன, கல்லா?

மூன்று பன்னிரண்டுக்கு மேல் என்னால் முடியவில்லை. எந்த விதி எப்படிப் போனாலும் போகட்டும் என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஏரியைத் திறந்துட்டாங்க. உடனே கிளம்பு. சுலைமான் பாயை முதல்ல தூக்கச் சொல்லு."

"யாரு பேசறது?"

"நான்தான்க்கா, மரகதம்!"

"குரலு அவ மாதிரிதான் இருக்கு. இப்பெல்லாம் குரலையும் செஞ்சிடறானுங்களே. மரகதம்னா சின்ன வயசுல கிணத்துல என்னத்தைப் போட்டே, சொல்லு?"

"உன் கொலுசு! ஐயோ, அக்கா, நேரமில்ல..."

"சரி, நீதான். ஆனா நீ எதுக்குடி இவ்ளோ லேட்டா சொல்றே? பக்கத்துல வந்து ஏழெட்டு நிமிஷம் ஆச்சு. பாயை ஃபெலிக்ஸும் அவன் மச்சானும் கட்டிலோட தூக்கிட்டாங்க. நான் ஆட்டோல இருக்கேன். வை போனை."

மஞ்சள் பக்கத்தைத் திறந்தேன். அமைச்சர் அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நட்சத்திரம் சிமிட்டியது. கோணல் அட்டவணையில் அபாய அளவு. அதன் கீழே, 'அளவெடுத்த நேரம்: பிற்பகல் 2:40.'

அப்போது மணி மூன்று பதினான்கு. இரண்டு நாற்பதுக்கு ஏரி அபாய அளவை எட்டவே இல்லை.

"கொத்தனார், இது என்ன?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"மூணு அஞ்சுக்கு வந்த அளவை மூணு அஞ்சுக்கே போட்டேன், மேடம். நேரத்தை மட்டும் இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி போட்டிருக்கேன்."

"யாரு அப்படிச் சொன்னது?"

"பெனடிக்ட் சாரோட தாள்கள்தான். பதினோரு வருஷத்துல நாலு நாள் அபாய அளவு வந்திருக்கு. அச்சடிச்ச தாளோட அடியில அச்சு எந்திரம் தானா ஒரு நேரம் போடும், பொடி எழுத்துல. அந்த நாலு நாளும் அந்த நேரமும் ஷட்டர் ரூம் நோட்டும் ஒத்துப்போகுது. பக்கத்துல சார் போட்ட நேரம் மட்டும் இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி இருக்கு. ஒரு குறையும் விடாதேன்னு எழுதியிருந்தீங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். பெனடிக்ட் மேசையில் சிந்திய பிஸ்கட் தூளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார்.

"வேலப்பனை அனுப்பிட்டுக் காத்திருக்க முடியாது, மேடம், அந்த மாதிரி நாள்ல" என்றார் மெதுவாக. "உடனே போட்டா யாரும் நம்பப் போறதில்ல. அரசாங்கப் பதிவுல பொய் நேரம் எழுதினேன்னு நான் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் தாளைக் குடுத்தேன்."

நான்கு முப்பத்தைந்துக்குக் கருவேலம்பட்டுக்குத் தண்ணீர் வந்தது. அக்கா வீட்டில் ஜன்னல் வரைக்கும். தெருவில் ஒரு பூனையைத் தவிர யாரும் இல்லை, அதுவும் மொட்டை மாடியில் இருந்தது. நான் நினைத்திருந்தபடி மூன்று முப்பதுக்குச் செய்தி வந்திருந்தால் அந்த நேரத்துக்குச் சுலைமான் பாயின் கட்டில் சந்தில் இருந்திருக்கும். அன்று மாலை நான் அலுவலகக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜனவரியில் விசாரணை வந்தது. உயிர் போயிருந்தாலும் வந்திருக்கும்தான், ஆனால் யாரும் சாகாததால் தாள்களை நிதானமாகப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைத்தது. இரண்டு நாற்பதுக்கே மையத்துக்கு அபாயம் தெரிந்திருந்தால், ஷட்டர் உத்தரவு மூன்று ஐந்து வரை தாமதமானது ஏன்? நல்ல கேள்வி. திருமலைச்சாமி அந்த நேரத்தில் தான் கூட்டத்தில் இருந்ததை ஆதாரத்தோடு நிரூபித்தார்.

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பக்கத்துல இருக்கிற நேரம் சரியா, தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா."

தப்பு என்றால் அது எப்படி வந்தது என்று கேட்பார்கள். அந்த நான்கு தாள்களும் வெளியே வரும். பெனடிக்டின் வேலை போகும். இயந்திரத்தின் கோளாறு என்றால் உடனே சரிசெய்யச் சொல்வார்கள், அடுத்த மழைக்குக் கருவேலம்பட்டில் யாரும் கிளம்பமாட்டார்கள்.

"அது நேரமே இல்ல, சார்" என்றேன். "அலங்காரம்."

"என்னது?"

"பின்னணி மஞ்சள் மாதிரி, அந்த நட்சத்திரம் மாதிரி, அதுவும் பக்கத்தோட தோற்றம். உண்மையான நேரம் உள்பதிவுல இருக்கு, மூணு அஞ்சுன்னு. பக்கத்தோட தோற்றத்துக்கு நான்தான் முழுப் பொறுப்பு. வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

அவர் விதிமுறைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். எச்சரிக்கைப் பக்கங்களின் தோற்றம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சற்று யோசித்துவிட்டு, 'தோற்றம் தொடர்பானது, மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். என் கையெழுத்தையும் கீழே வாங்கிக்கொண்டார். காரணமில்லாத அலங்காரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

வெளியே வந்தால் வராந்தாவில் பெனடிக்ட் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், அந்த நட்சத்திரம் கொஞ்சம் வேகமாச் சிமிட்டுது. என்னோடது இன்னும் மெதுவா இருக்கும். ரெண்டு பேரு போன் பண்ணிக் கேட்டுட்டாங்க."

"எவ்ளோ மெதுவா சார்?"

அவர் விரலால் சுவரில் தட்டிக் காட்டினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக் குறித்துக்கொண்டேன்.